கல்யாணம் இல்லாமல் சேர்ந்து வாழும்போது யாருடைய சொத்து யாருக்கு?

கல்யாணம் செய்துகொண்ட இருவர் பிரிந்தால் யாருக்கு என்ன சேரும் என்று சொல்ல ஏதோ ஒரு சட்டம் தயாராக இருக்கிறது. பதிவு எதுவும் இல்லாமல் சேர்ந்து வாழ்கிறவர்களின் நிலை அப்படியில்லை. பல இடங்களில் அவர்களுக்கென்று சொத்துப் பிரிவினைச் சட்டமே கிடையாது; பத்திரத்தில் யார் பெயரோ அவருக்கே சொத்து. வேறு சில இடங்களில் சட்டம் இருக்கிறது. நீங்கள் எத்தனை வருடம் ஒன்றாக இருந்தீர்கள் என்று அது எண்ணிக்கொண்டே வருகிறது, உங்களுக்குத்தான் தெரிவதில்லை. முதல் வகை ஊரில் வருடக்கணக்கில் பணம் போட்டவர் வெறுங்கையோடு வெளியேறுகிறார். இரண்டாம் வகை ஊரில், என்னுடையது மட்டுமே என்று நம்பிய வீட்டில் பாதி போகிறது.

இரண்டுக்கும் வழி ஒன்றுதான். நீங்கள் இருவரும் மனதில் வைத்திருக்கும் ஏற்பாட்டை எழுதி வையுங்கள். பணத்தையும் எழுதியபடியே நடத்துங்கள். காகிதம் ஒன்று சொல்ல, வங்கிக் கணக்கு வேறொன்று சொன்னால் வழக்கு அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

சட்டம் எங்கே எப்படி நிற்கிறது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பல வருடம் சேர்ந்து வாழ்ந்தாலே கணவன் மனைவிக்குரிய உரிமை வந்துவிடும் என்று ஏராளமானவர்கள் நம்புகிறார்கள். அது தவறு. அங்கே அப்படியொரு உரிமை இல்லை. வீடு இருவர் பெயரில் இருந்தால் பாதிப் பாதி என்பதுதான் தொடக்க அனுமானம். அதை மாற்ற வேண்டுமானால் சாட்சியம் வேண்டும். 2011இல் முடிந்த ஜோன்ஸ்–கெர்னாட் வழக்கில், ஒருவர் வீட்டைவிட்டுப் போன பிறகு மற்றவரே பல வருடம் தவணையும் செலவும் கட்டியதால், பங்கு 90:10 என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. பங்கு விகிதத்தை ஒரு பக்கக் காகிதத்தில் எழுதி, பிரிந்தபோது அதைத் திருத்தியும் இருந்தால் உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கத் தேவையில்லை.

நியூசிலாந்து நேர் எதிர்த் திசை. அங்கே சேர்ந்து வாழ்ந்து 3 ஆண்டு கடந்தால் குடியிருக்கும் வீடு பொதுவாகச் சரிபாதி. உறவு தொடங்கும் முன்பே ஒருவர் சொந்தப் பணத்தில் வாங்கிய வீடானாலும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் 2 ஆண்டு. குழந்தை இருந்தாலோ, ஒருவர் கணிசமான பங்களிப்பு செய்திருந்தாலோ அதற்கு முன்பும் சட்டம் தலையிடலாம். அங்கே பாதி என்று கணக்கில்லை, யார் என்ன போட்டார்கள், இனி யாருக்கு என்ன தேவை என்று நீதிமன்றம் பார்க்கும். கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும்: பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2 ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குத் திருமணமானவர்களைப் போலவே சொத்துப் பிரிவினை. முன்பே இருந்த சொத்து உங்களுடையது, ஆனால் சேர்ந்து வாழ்ந்த காலத்தில் அதன் மதிப்பு ஏறியது பங்கிடப்படும். ஒன்டாரியோவில் அத்தகைய பிரிவினை திருமணமானவர்களுக்கு மட்டும். சுவீடனின் 2003ஆம் ஆண்டுச் சட்டம், சேர்ந்து வாழ்வதற்காக வாங்கிய வீட்டையும் வீட்டுச் சாமான்களையும் மட்டும் பங்கிடுகிறது; சேமிப்பையும் காரையும் தொடுவதில்லை.

இந்தியாவில் லிவ்-இன் உறவில் சொத்தைப் பிரிக்கும் சட்டம் இல்லை. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், திருமண இயல்புடைய உறவில் வாழும் பெண்ணுக்குப் பாதுகாப்பும், பண நிவாரணமும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையும் தருகிறது. அந்த வீடு யார் பெயரில் இருந்தாலும் தங்கும் உரிமை உண்டு. ஆனால் தங்கும் உரிமை வேறு, உடைமை உரிமை வேறு. அந்தச் சட்டத்தால் வீட்டில் பங்கு கிடைக்காது.

வேலைக்காக நாடு மாறுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஒரு நாட்டில் எழுதிய ஒப்பந்தம் இன்னொரு நாட்டில் அப்படியே செல்லும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குடிபெயர்ந்த முதல் வருடத்திலேயே அங்குள்ள வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

குடிபோகும் நாளில் ஒரு பட்டியல்

இருவரும் தனித்தனியாக, தேதி போட்டு, தன்னிடம் இருப்பதை எழுதுங்கள்: வங்கி இருப்பு, வைப்புத் தொகை, பங்குகள், வருங்கால வைப்பு நிதி, நகை, வண்டி, நிலம், தொழிலில் உள்ள பங்கு. கடன்களையும் எழுத வேண்டும். பலரும் விடுவது இதைத்தான். அந்த மாதத்து வங்கி அறிக்கையை இணையுங்கள். நகைக்கு எடையும் புகைப்படமும், விலை உயர்ந்த பொருளுக்கு பில்லும் தொடர் எண்ணும் போதும். ஒருவர் பட்டியலில் மற்றவர் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து எது முன்பே இருந்தது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது. வங்கிகள் பழைய அறிக்கைகளைக் காலவரையின்றி வைத்திருப்பதில்லை, அதனால் அன்றே எடுத்துவிடுங்கள்.

கணக்கு மூன்று

ஆளுக்கொரு தனிக் கணக்கு, வீட்டுச் செலவுக்கு ஒரு கூட்டுக் கணக்கு. சம்பளம் தனிக் கணக்கில் விழட்டும். மாதம் ஒருமுறை அங்கிருந்து கூட்டுக் கணக்குக்குப் போகட்டும். எவ்வளவு? பாதிப் பாதி எல்லோருக்கும் நியாயமாக அமையாது. ஒருவர் வருமானம் 60, மற்றவருடையது 40 என்றால், மாதச் செலவு 50 ஆகும்போது 30ம் 20மாகப் போடுவது இருவர் தோளிலும் ஒரே சுமை.

கூட்டுக் கணக்கில் 'இருவரில் யாராவது' என்று இயக்க முறை கொடுத்திருந்தால் முழுத் தொகையையும் ஒருவரே எடுத்துவிட முடியும். வங்கி கேள்வி கேட்காது. அதனால் ஒரு மாதச் செலவுக்கு மேல் அங்கே வைக்காதீர்கள். உங்கள் கிரெடிட் கார்டில் துணைக்கு ஆட்-ஆன் கார்டு வாங்கினால், அவர் தேய்த்ததற்கும் நீங்கள்தான் பொறுப்பு. கடனுக்கு இணைக் கையெழுத்துப் போட்டால் பாதிக்கல்ல, முழுக் கடனுக்கும் பொறுப்பு. பிரிந்துவிட்டோம் என்று சொன்னால் வங்கி ஏற்காது.

பரம்பரைச் சொத்தாக வந்த பணத்தையோ வீட்டார் கொடுத்ததையோ கூட்டுக் கணக்கில் ஒருநாளும் போடாதீர்கள். கலந்த பணத்தைத் திரும்பப் பிரித்துக் காட்டுவது மிகக் கடினம். அதற்கென்று தனிக் கணக்கு திறந்து, அதிலிருந்து வாங்குவதை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள்.

தவணை கட்டுகிறவரும் மளிகை வாங்குகிறவரும்

இந்த ஏற்பாடு தவறு என்று யாருக்கும் தோன்றாது, அதனாலேயே இதுதான் அதிகம் பேரைக் கெடுக்கிறது. வீடு ஒருவர் பெயரில் இருக்கிறது. அவர் வீட்டுக்கடன் தவணையைக் கட்டுகிறார். மற்றவர் மளிகை, மின்கட்டணம், பள்ளிக் கட்டணம், பயணம் எல்லாம் பார்த்துக்கொள்கிறார். மாதச் செலவு இருவருக்கும் சமம். எட்டு வருடம் கழித்து ஒருவரிடம் வீடு இருக்கிறது, மற்றவரிடம் ரசீதுகள்கூட இல்லை. வீட்டுச் செலவுக்குக் கொடுத்த பணத்தைச் சொத்துக்கான பங்களிப்பாக எல்லா நீதிமன்றமும் ஏற்பதில்லை. ஏற்கும் இடத்திலும் நிரூபிக்க வேண்டியது கேட்பவர்தான்.

திருத்த இரண்டு வழி உண்டு. செலவையும் தவணையையும் இரண்டையுமே விகிதப்படி பகிர்ந்து, தவணையில் பங்கு போடுகிறவருக்கு வீட்டில் எவ்வளவு பங்கு என்று எழுதிவிடலாம். அல்லது வீடு ஒருவருடையதாகவே இருக்கட்டும். மற்றவர் வீட்டுச் செலவில் தன் பங்கை மட்டும் கொடுத்து, மிச்சத்தைத் தன் பெயரில் மாதாமாதம் சேமிக்கட்டும். என் கருத்தில் இரண்டாவது வழி சண்டை குறைவானது, ஏனென்றால் பிரியும்போது கணக்குப் போட ஒன்றும் இருக்காது.

வீட்டுக்காரர் பக்கமிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். துணை மாதாமாதம் அனுப்பும் பணத்தின் குறிப்பில் 'வீட்டுக்கடன்' என்று இருந்தால், நாளை அது வீட்டில் பங்கு கேட்க ஆதாரம். 'வீட்டுச் செலவுப் பங்கு' என்றோ 'வாடகை' என்றோ இருந்தால் கதை வேறு. உண்மையில் எதுவோ அதையே குறிப்பில் எழுதுங்கள். சமையலறையை இடித்துக் கட்ட, மாடி போட என்று துணையின் பணத்தை வாங்கும் முன், அது பரிசா, கடனா, பங்கா என்று ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கடன் என்றால் தொகை, தேதி, திருப்பும் கெடு வேண்டும். இந்தியாவில் கேட்டவுடன் தர வேண்டிய புரோநோட்டுக்கு எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டுதான் வழக்குப் போடும் காலம். அதற்குள் பகுதித் தொகை வாங்கி எழுத்தில் பதிய வேண்டும், அல்லது கடன் நிற்கிறது என்று எழுதி வாங்க வேண்டும்.

சேர்ந்து வீடு வாங்கும்போது

பங்கு விகிதத்தைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் சமம் என்ற அனுமானமே பல இடங்களில் முன்னால் நிற்கும். இங்கிலாந்து போன்ற இடங்களில் கூட்டு உடைமை இரண்டு வகை. ஒன்றில் ஒருவர் இறந்தால் அவர் பங்கு தானாக மற்றவருக்குப் போகும், உயில் அதை மாற்ற முடியாது. இன்னொன்றில் ஆளுக்கு இவ்வளவு என்று தனிப் பங்கு. அது அவரவர் உயில்படி போகும். முந்தைய உறவில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு முதல் வகையில் கையெழுத்துப் போட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒன்றும் மிஞ்சாது.

விகிதத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதிலும் கவனம் தேவை. வீட்டின் விலை 100 என்று வையுங்கள். ஒருவர் 30 முன்பணம், மற்றவர் 10, மீதி 60 கடன், தவணை சரிபாதி. முதல் முறைப்படி, விற்கும்போது அவரவர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பாதியாக்க வேண்டும். இரண்டாம் முறையில் 30 + 30, 10 + 30 என்று 60:40 நிலையான பங்கு. விலை 150க்கு ஏறி, கடன் 40 பாக்கி இருக்கும்போது விற்றால் கையில் 110. முதல் முறையில் 65ம் 45ம். இரண்டாவதில் 66ம் 44ம். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் விலை 80க்கு விழுந்து, கடன் 50 பாக்கியிருந்தால் கையில் 30தான். போட்ட 40ஐவிட 10 குறைவு. முதல் முறையில் நட்டத்தைப் பாதியாக்கினால் 25ம் 5ம். இரண்டாவதில் 18ம் 12ம். அதிக முன்பணம் போட்டவருக்கு முதல் முறை பாதுகாப்பு, குறைவாகப் போட்டவருக்கு இரண்டாவது. விலை ஏறும் என்ற நம்பிக்கையில் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. எந்த முறை என்பதையும், நட்டம் வந்தால் எப்படி என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

வெளியேறும் வழியும் அதே காகிதத்தில் இருக்கட்டும். பிரிந்தால் யாருக்கு முதலில் வாங்கும் உரிமை, விலையை யார் மதிப்பிடுவது (ஆளுக்கொரு மதிப்பீட்டாளர் வைத்துச் சராசரி எடுப்பது நல்ல முறை), எத்தனை நாளில் பணம் தர வேண்டும், தர முடியாவிட்டால் எப்போது விற்பனைக்கு விட வேண்டும், அதுவரை தவணையை யார் கட்டுவது? கெடுவாக 90 நாள் போடுவது நடைமுறைக்கு ஒத்து வரும். அதற்குள் புதுக் கடன் ஏற்பாடு செய்ய முடியும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. உங்கள் பணத்தில் துணையின் பெயரில் மட்டும் வீடு வாங்காதீர்கள். பினாமிச் சட்டத்தில் கணவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள விதிவிலக்கு, சேர்ந்து வாழும் துணைக்கு எழுதப்படவில்லை. உறவு முறிந்த பிறகு அது என் பணம் என்று வழக்குப் போடவும் முடியாமல், சொத்தே பறிமுதலாகும் அபாயமும் உண்டு. பெரிய தொகையைப் பரிசாகக் கொடுப்பதிலும் சிக்கல் இருக்கிறது: உறவினர் அல்லாதவரிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வாங்கிய பரிசுப் பணம் வாங்கியவரின் வருமானமாக வரிக்கு உட்படும். வருமான வரிச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் லிவ்-இன் துணை இல்லை.

ஒப்பந்தம்

நீதிமன்றங்கள் இத்தகைய ஒப்பந்தங்களைத் தள்ளுபடி செய்யும் காரணங்கள் எங்கும் ஏறக்குறைய ஒன்றே: ஒருவர் சொத்தை மறைத்தது, அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்கியது, மற்றவருக்குத் தனி வக்கீல் இல்லாதது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருவரும் தனித்தனி வக்கீலிடம் ஆலோசனை பெற்றதற்கான சான்று இல்லாமல் ஒப்பந்தம் செல்லாது. உங்கள் ஊரில் கட்டாயம் இல்லாவிட்டாலும் இரண்டு வக்கீல் வையுங்கள். மேலே சொன்ன சொத்துப் பட்டியலை இணைப்பாகச் சேருங்கள். வரைவைக் கொடுத்துச் சில வாரம் கழித்துக் கையெழுத்திடுங்கள். குடிபோவதற்கு முந்தைய நாள் நீட்டாதீர்கள்.

ஒப்பந்தத்தில் பணமும் பொருளும் மட்டும் பேசுங்கள். கலிபோர்னியாவில் 1976இல் வந்த மார்வின் தீர்ப்பு, சேர்ந்து வாழ்கிறவர்களின் சொத்து ஒப்பந்தம் செல்லும் என்றது. உடலுறவுக்கு விலையாக அமைந்தால் மட்டும் செல்லாது என்றது. யார் எப்படி நடந்துகொள்ள வேண்டும், துரோகம் செய்தால் இவ்வளவு அபராதம் போன்ற வரிகள் முழு ஒப்பந்தத்தையும் பலவீனப்படுத்தும். இந்தியாவில் சேர்ந்து வாழும் ஒப்பந்தம் என்று ஒரே பத்திரமாக எழுதுவதைவிட, வீட்டுக்குக் கூட்டு உடைமை ஒப்பந்தம், கடனுக்குக் கடன் பத்திரம், குடியிருப்புக்கு வாடகை ஒப்பந்தம் என்று தனித்தனியாக எழுதுவது உறுதியானது. ஒன்று பொதுக் கொள்கைக்கு விரோதம் என்று கேள்விக்குள்ளானாலும் மற்றவை நிற்கும்.

குழந்தை பிறந்தால், ஒருவர் வேலையை விட்டால், வீடு வாங்கினால், பரம்பரைச் சொத்து வந்தால் ஒப்பந்தத்தைத் திரும்ப எடுத்துத் திருத்துங்கள். வேலையை விடும் இடம் முக்கியமானது. குழந்தைக்காக ஒருவர் வீட்டில் இருந்தால் அவருக்குச் சம்பளமும் போகிறது, ஓய்வுக்காலச் சேமிப்பும் நிற்கிறது. சம்பாதிக்கிறவர் மாதாமாதம் ஒரு தொகையை அவர் பெயரிலுள்ள கணக்கில் போட வேண்டும். வேலையை விடும் முன்பே அந்தத் தொகையைப் பேசி எழுதிவிடுங்கள். சம்பளம் நின்ற பிறகு பேரம் பேசும் வலு அவரிடம் இருக்காது. உங்கள் தொழிலில் துணை சம்பளமில்லாமல் வேலை செய்வதும் இதே கதைதான். சம்பளம் போட்டுப் பதிவில் வையுங்கள். பின்னால் தொழிலில் பங்கு என்ற கேள்வி எழாது, உழைப்பும் வீண்போகாது.

ஒருவர் இறந்துவிட்டால்

பிரிவைப் பற்றி யோசிக்கிறவர்கள் மரணத்தைப் பற்றி யோசிப்பதில்லை. உயில் இல்லாவிட்டால் பல நாடுகளில் துணைக்கு ஒரு காசும் போகாது. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956இன் வாரிசுப் பட்டியலில் சேர்ந்து வாழ்ந்தவர் எங்கும் இல்லை. இங்கிலாந்தில் 2 ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவர் நீதிமன்றத்தில் பராமரிப்புக்கான பங்கு கேட்கலாம், தானாக வராது. சுவீடனிலும் உயில் இல்லாமல் துணை வாரிசு ஆவதில்லை.

நாமினி போட்டாயிற்று, போதும் என்பது இந்தியாவில் பெரிய தவறான நம்பிக்கை. நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர் என்று காப்பீட்டு விஷயத்தில் 1983இலும், பங்குகள் விஷயத்தில் 2023இலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாமினியையே உரிமையாளராக்கும் 2015 காப்பீட்டுத் திருத்தம் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளுக்கு மட்டும். வருங்கால வைப்பு நிதியில் உறுப்பினருக்குக் குடும்பம் இருந்தால் குடும்பத்துக்கு வெளியே போட்ட நாமினேஷனே செல்லாது. எனவே நாமினியும் வேண்டும், அதே பெயரில் உயிலும் வேண்டும். இந்தியாவில் உயிலுக்கு இரண்டு சாட்சி போதும், பதிவு கட்டாயமில்லை. உறவினர் எதிர்க்கக்கூடும் என்றால் பதிவு செய்வதே நல்லது. எந்த நாடானாலும் பலன் பெறுகிறவர் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. சில இடங்களில் அதனாலேயே அவருக்கான பங்கு ரத்தாகும். மருத்துவமனையில் யார் முடிவெடுப்பது என்பதற்கும் உங்கள் ஊரில் அதற்குரிய படிவம் இருந்தால் அன்றே நிரப்பிவிடுங்கள்.

பிரியும் வாரத்தில்

பிரிந்த தேதியை எழுத்தில் பதியுங்கள். ஒரு மின்னஞ்சல் போதும். கெடுக்கள் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடுகின்றன: ஆஸ்திரேலியாவில் சொத்துப் பிரிவினை கேட்க 2 ஆண்டு, நியூசிலாந்தில் 3 ஆண்டு, சுவீடனில் பிரிவினை கோர 1 ஆண்டு. கூட்டுக் கணக்கை இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று மாற்ற வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். அவசரமாகப் பணம் எடுக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் எடுக்காதீர்கள், எடுத்ததைத் துணைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மறைத்து எடுத்தவரை நீதிமன்றம் நம்பாது. ஆட்-ஆன் கார்டை நிறுத்துங்கள், மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் மீட்பு எண்ணையும் மாற்றுங்கள், பவர் கொடுத்திருந்தால் முறைப்படி ரத்து செய்து சம்பந்தப்பட்ட வங்கிக்கும் அலுவலகத்துக்கும் பிரதி அனுப்புங்கள். நாமினியையும் உயிலையும் திருத்துங்கள். வீட்டுப் பொருள்களை எடுக்கும் முன் அறை அறையாகப் புகைப்படம் எடுங்கள். வீட்டை ஒருவரே வைத்துக்கொள்வது என்று முடிவானால், விலகுகிறவர் உரிமையை விட்டுக் கையெழுத்துப் போடுவதும் வங்கி அவரைக் கடனிலிருந்து எழுத்தில் விடுவிப்பதும் ஒரே நாளில் நடக்க வேண்டும். முன்னது மட்டும் நடந்தால் வீடு இல்லாமல் கடன் மட்டும் அவர் பெயரில் இருக்கும்.